கரையில் இன்னா இருக்குது?

டிரைவரே,

இன்று காலை கரையில் படகு எஞ்சின் ஒன்றைப் பழுதுபார்த்து மணல்மேலேயே ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று தடவை இருமிவிட்டுக் கரும்புகையைக் கக்கியது. காற்று ஈரமாக இருந்ததால் புகை மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து என்னிடம் வந்தது. டீசலும் பனியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். வெள்ளிமலையில் பஸ்ஸோடு ராத்தங்கல் முடிந்து, விடியற்காலையில் நீ வண்டியைக் கிளப்பும்போது வரும் வாசனை அது.

"இன்னா பெரியவரே, டீ ஆறிக்கினு இருக்குது" என்றார் டீக்கடைக்காரர். ஒன்றுமில்லை என்றேன். வேறு என்ன சொல்ல? நான் பஸ் கண்டக்டராக இருந்தவன் என்பதே இந்தக் குப்பத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாம் வேலையை விட்ட பிறகும் நீ என்னைக் 'கண்டக்டரே' என்றும் நான் உன்னை 'டிரைவரே' என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்ததைக் கேட்ட சிலருக்கு மட்டும் தெரியும். இப்போது அப்படிக் கூப்பிட இங்கே யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னால் இதைப் படிக்க முடியாது, நான் உனக்குப் படித்துக் காட்டவும் முடியாது. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே மலை ஏறுகிற வண்டி நம்முடையது. ஏறும்போது மண்ணெண்ணெய், துணி, மாத்திரை, பொரி மூட்டை. இறங்கும்போது புளி, கடுக்காய், சாமை, பலாப்பழ வாசனை. நீ அதிகம் பேசமாட்டாய். வளைவில் காட்டுக்கோழி ஒன்று குஞ்சுகளோடு ரோட்டைக் கடந்தால் மட்டும், கடைசிக் குஞ்சு புதருக்குள் நுழைகிறவரை பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டாய். பின்னால் யாராவது முணுமுணுத்தால், "அதுக்கும் ரோடுதான்யா" என்பாய். அவ்வளவுதான். பறவை பார்க்கிற ஆள் என்று அன்றைக்கு உன்னை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். என்னையும்தான்.

அந்த இறக்கம் உனக்கு நினைவிருக்கும். காலை முதல் நடை. வண்டி நிறைய ஆள். நான் முன் படிக்கட்டில் நின்றிருந்தேன். வளைவு திரும்பியதும் இடது ஓரத்தில் விறகுச் சுமையோடு ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தாள். நீ ஒதுங்கவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. நான் விசிலை வாயில் வைத்து மூச்சு தீரும் மட்டும் ஊதினேன். வண்டி குலுங்கி நின்றபோது அவள் சுமையிலிருந்த ஒரு குச்சி கண்ணாடியில் உரசி ஒடிந்து விழுந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்மைத் திட்டிவிட்டு நடந்தாள்.

நீ ஸ்டீரிங்கிலிருந்து கைகளை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாய். 

"கண்டக்டரே, அந்தப் பொம்பளைய நான் பாக்கவே இல்லய்யா."

"வளைவு இல்லயா, அதான்."

"வளைவு இல்ல. எடது பக்கம் எனக்கு இல்ல. கொஞ்ச நாளாவே இல்ல. கண்ணாடி அழுக்குன்னு நெனச்சிக்கினு தொடச்சிக்கினே இருந்தேன்."

எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாய். விஷயம் தெரிந்ததும் வண்டிக்குள் ஒரே கூச்சல். கோர்ட்டில் வாய்தா இருந்த ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மொள்ள ஓட்டினு போங்க டிரைவர், நாங்க யாருகிட்டயும் சொல்லமாட்டோம்" என்று கெஞ்சினார். நீ கோபப்படவில்லை. "மொள்ள ஓட்டனா கண்ணு வந்துடுமாங்க? இத்தினி பேர வெச்சிக்கினு நான் ஓட்டமாட்டேங்க" என்றாய். கீழே இறங்கிய ஒரு டெம்போக்காரரிடம் டிப்போவுக்குத் தகவல் சொல்லச் சொன்னோம். சிலர் லாரி பிடித்தார்கள், சிலர் குறுக்கு வழியில் இறங்கி நடந்தார்கள். மாற்று டிரைவர் வரும்வரை நீயும் நானும் ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தோம்.

உன் வேலை போய்விட்டது என்று இருவருக்கும் தெரியும். நீ ரோட்டைத் திரும்பிப் பார்த்து, "இத்தினி வருசமா இந்த ரோட்ல போய்க்கினு வந்துக்கினு இருக்கறோம். இங்க குந்தினதே இல்லயே" என்றாய். அப்போதுதான் அந்தக் குருவி வந்தது. தலை கறுப்பு, உடம்பு வெள்ளை, உடம்பைவிட நீளமாக இரண்டு வெள்ளை நாடா மாதிரி வால். பள்ளத்துப் பக்கத்து மரத்தில் கிளைக்குக் கிளை தாவியது. ஒவ்வொரு தடவையும் அந்த வால் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் போய்ச் சேர்ந்தது. நீ கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து, அதைத் தேடிப் பிடித்து, பிடித்ததை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாய். உன் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான காலைப் பொழுதில் உன் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். போனது போனதுதான், இருப்பதை மருந்து ஊற்றி இழுத்துக்கொண்டு போகலாம் என்றார். டிப்போவில் உனக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். நீ அங்கே பாதி நாள் ஜன்னலைத்தான் பார்த்தாய். பிறகு அதுவும் முடிந்து நைனார்பாளையத்து வீட்டுக்குப் போனாய். என் காலமும் முடிந்தது. என் மனைவி அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். சொந்த ஊர் களமருதூரில் இருந்த நிலப் பங்கைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு, புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கும் என் மகள் வீட்டுக்கு வந்தேன். வந்த கொஞ்ச நாளில் மருமகனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்து, அவர்கள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் நின்றுவிட்டேன். கடல் சத்தம் ராவும் பகலும் கேட்கும் வீட்டில், பேச ஆள் இல்லாமல், ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று இருந்தேன்.

ஒரு பொங்கல் கழித்து உன்னைப் பார்க்க நைனார்பாளையம் வந்தேன். வீட்டின் பின்பக்கம், மாட்டுக் கொட்டகைக்கு எதிரே, சுவரைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து தப்பான திசையில் கையை நீட்டினாய். உன் வீட்டுக்காரம்மா என்னைத் தனியாக அழைத்துப் போய், "இட்டுக்கினு போங்கண்ணே. இங்க செவுத்தப் பாத்துக்கினே குந்திக்கினு இருக்காரு. சோறு போட்டா துன்றாரு, இல்லன்னா கேக்கறது கூட இல்ல. மாட்ட வுட்டுட்டு நான் எங்க வர்றது?" என்றார். பத்து நாளைக்கு என்று சொல்லித்தான் கூட்டி வந்தேன். நீ மூன்று மழைக்காலம் இருந்தாய்.

முதல் நாள் கடலைப் பார்த்ததும் நீ வாய் திறந்து பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "கொழாய்க்குள்ள பாக்கற மாதிரி தெரியுதுயா. ஒரு நேரத்துக்கு ஒரு அலதான் வருது. அதுவும் போதும்." 

அதுதான் நம் நாட்களாயிற்று. காலையில் டீ. பிறகு ஈர மணலில் உன் கையை என் இடது தோளில் போட்டுக்கொண்டு நடை. வலை இழுக்கிற இடத்தில் நின்று, சிதறிய நெத்திலியில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, மஞ்சள் தடவி வறுத்துச் சாப்பாட்டோடு கடிப்பது. நீ வறுப்பாய், கண்ணை விடக் காதை நம்பி. எண்ணெய்ச் சத்தம் மாறியதும் அடுப்பை அணைப்பாய். ஒரு நாளும் கருகியதில்லை. சாயங்காலம் கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து, கரைக்கு வருகிற பறவைகளைப் பார்ப்பது. மருமகனின் பழைய அலமாரியில் கிடந்த ஒரு படப்புத்தகத்தைப் பார்த்து ஆலா, உள்ளான், உப்புக்கொத்தி என்று பேர்களைக் கற்றோம். அந்தப் புத்தகத்தில் இல்லாதவற்றுக்கு நீயே பேர் வைத்தாய். கொக்குக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற ஒன்றுக்குச் 'செக்கிங்' என்று பேர் வைத்தாய். டிக்கெட் பரிசோதகர் வண்டியில் ஏறுகிற தோரணையாம்.

எனக்கு ஒரு கூட்டமே தெரியும். உனக்கு ஒன்றுதான் தெரியும். நான் "அம்பது அறுபது உள்ளான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுவேன். நீ அதில் ஒன்றைக் குழாய்க்குள் பிடித்து வைத்துக்கொண்டு அது பறக்கும்வரை விடமாட்டாய். அப்படித்தான் அந்த ஒற்றைக்கால் உள்ளானை நீ கண்டுபிடித்தாய். அலை பின்வாங்கும்போது மற்றவை கூட்டமாக ஓட, அது மட்டும் ஒரே காலில் தத்தித் தத்திப் பின்னால் போகும். "பாவம்யா, நொண்டி" என்றேன்.

"பாவம்னு நீ எப்டி சொல்லுவ? இன்னொரு கால மடிச்சி வெச்சிருக்கும்."

"ஓடும்போது யார்னா கால மடிச்சி வெப்பாங்களா?"

"குளிருக்கு வெச்சிக்கினு இருக்கும். ஒரு கால மிச்சம் புடிக்குது."

இந்தச் சண்டை அந்தப் பருவம் முழுக்க ஓடியது. நான் விடவில்லை, நீயும் விடவில்லை. ஒருநாள் நாய் ஒன்று துரத்தியதும் உன் உள்ளான் இறகுக்குள்ளிருந்து இரண்டாவது காலை இறக்கி, கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது. நீ என் முதுகில் ஓங்கி ஓர் அடி கொடுத்தாய். "பாத்தியா? சும்மா பாவம் பாவம்னு!" கரையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாய். உன்னையும் நிறைய பேர் அப்படித்தான் 'பாவம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மருந்து ஊற்றிக்கொண்டுதான் இருந்தோம். ஆனாலும் குழாய் சிறுத்துக்கொண்டே போயிற்று. இரண்டாவது மழைக்காலம் முடிந்து, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்த ஒரு காலை. நீ கட்டிலில் உட்கார்ந்தபடி, "இன்னிக்கி இன்னா, மூட்டமா இருக்குதா?" என்று கேட்டாய். வெயில் உன் முழங்கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. நீ கையை நீட்டி முழங்காலைத் தொட்டுப் பார்த்தாய். சூடு தெரிந்திருக்கும். கையை அங்கேயே வைத்துக்கொண்டாய்.

நான் அடுப்படிக்குப் போய் எதையோ தேடுவதுபோல நின்றேன். கட்டிலிலிருந்து உன் குரல் வந்தது. "யோவ் கண்டக்டரே, கௌம்பு. கரைக்குப் போவணும்."

போனோம். உட்கார்ந்தோம். "கரையில் இன்னா இருக்குது?" என்றாய். 

"கொக்கு. ஆலா. அந்தாண்ட ஒரு செம்பருந்து."

"ஸ்டாப் பேரு சொல்ற மாதிரி சொல்லாதய்யா. எப்டி இருக்குது அது? இன்னா பண்ணிக்கினு இருக்குது?"

எனக்குத் திணறியது. கொக்கு கொக்கு மாதிரிதான் இருந்தது. அதற்கு மேல் என்ன சொல்வது? ஆனால் நீ விடுவதாக இல்லை. செம்பருந்து எங்கே பார்க்கிறது, கழுத்தைத் திருப்புகிறதா, வெள்ளை எங்கே முடிந்து சிவப்பு எங்கே ஆரம்பிக்கிறது, ஆலா தண்ணீரில் விழுமுன் காற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறது, விழுந்து எழுந்ததும் உடம்பை உதறுகிறதா. கேட்டுக் கேட்டு என்னைப் பார்க்க வைத்தாய். சொல்லவேண்டியிருந்ததால்தான் நான் பார்த்தேன், டிரைவரே. ஆலா விழுந்து எழும்போது நாய் மாதிரி உடம்பை உதறுகிறது என்பது, நீ கேட்கிறவரை என் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் எனக்குத் தெரியாது. நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றாலும், மூடிக்கொள்வாய். நான் எதையாவது ஒப்புக்குச் சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவாய். "இது நேத்து சொன்னது. இன்னிக்கி உள்ளத சொல்லு."

மூன்றாவது மழைக்காலம் முடிந்து, பேத்தி கல்யாணத்துக்கு உன்னை அழைத்துப்போக உன் மகன் வந்தான். சட்டைகளை மடித்து வைக்கும்போது, "கல்யாணம் முடிஞ்சதும் வந்துடறேன். வெயில் ஏறி ஆலா வடக்க போறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாய். பஸ்ஸில் உன்னை ஏற்றி, ஜன்னல் ஓரம் உட்காரவைத்தேன். வண்டி கிளம்பும்போது பழக்கதோஷத்தில் நான் 'ரைட்' என்று சொல்ல, அந்தக் கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நீ சிரித்தாய். நான் கடைசியாகப் பார்த்தது அந்தச் சிரிப்பைத்தான்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்கப்புறம் ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீ எழுந்திருக்கவில்லை என்று உன் மகன் போனில் சொன்னான். கடலூர் போய், விருத்தாசலம் போய், வண்டி மாறி மாறி நான் வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள். பந்தலில் யாரோ, "இவுரு யாரு?" என்று கேட்டார்கள். "அப்பாவோட கண்டக்டருங்க" என்றான் உன் மகன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சரியான பதில்தான். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

கூட்டம் கலைந்த பிறகு உன் வீட்டுக்காரம்மா என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அழுது ஓய்ந்த குரல். 

"அண்ணே, ஆலா இன்னும் இருக்குதுங்களா, போயிடுச்சா?"

நான் திகைத்துப்போய் அவரைப் பார்த்தேன். கடலைக் கண்ணாலும் கண்டிராத மனுஷி.

"தெனம் சாயங்காலம் மாட்டுக் கொட்டாயாண்ட குந்திக்கினு சொல்லிக்கினே இருப்பாருண்ணே. இப்ப ஆலா வுழுந்துக்கினு இருக்கும். இப்ப தண்ணி உள்ள வாங்கி இருக்கும், குருவிங்க ஓடிக்கினு இருக்கும்னு. நான் பால் கறந்துக்கினே கேப்பேன். கட்டிக்கினதுலருந்து எங்கிட்ட அவ்ளோ பேசனதே இல்ல. இந்தக் கொஞ்ச நாளுதான் பேசினாரு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அதே இடம் அது. இன்னும் இருக்குது தங்கச்சி, அடுத்த மாசம்தான் போகும் என்றேன்.

அதன் பிறகு சில மாதங்கள் அவர் போன் செய்தார். "இன்னாண்ணே இருக்குது கரையில?" என்று கேட்பார். சொல்வேன். பின்னணியில் மாடு கத்தும். பிறகு மாடுகளை விற்றுவிட்டு மகளோடு இருக்கச் சேலம் போனார். போன் குறைந்தது. போன தீபாவளிக்குப் பேசியபோது, காது சரியாகக் கேட்கவில்லை என்று மகள்தான் பேசினாள். நானும் தொந்தரவு செய்யவில்லை.

இப்போது நெத்திலி வறுத்தால் சில நாள் கருகுகிறது. அந்தப் படப்புத்தகத்தின் அட்டை உப்புக்காற்றில் உப்பிவிட்டது. நடக்கும்போது இடது தோள் லேசாக இருப்பது பழகவே இல்லை. என் மகள், "தனியா எதுக்குப்பா அங்க? இங்க வந்துடுங்க" என்கிறாள். போகலாம்தான். அங்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைப் பார்த்ததும் அது எப்படி இருக்கிறது என்று எனக்குள் ஒரு வாக்கியம் தானாகத் தயாராகிவிடுகிறது. அதைக் கேட்கிற ஆள் இல்லையென்றாலும், அந்த வாக்கியத்துக்கு வேண்டியது இந்தக் கரையில்தான் கிடைக்கிறது. நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அது சுமையா துணையா என்று எனக்கே சில நாள் தெரிவதில்லை.

டீக்கடையிலிருந்து இன்று நேராகக் கரைக்குத்தான் போனேன். இன்று உள்ளதைச் சொல்கிறேன், கேள்.

வடகாற்று. ஆலாக்கள் தண்ணீருக்குப் போகவில்லை. மணல் திட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் வடக்கே பார்த்து, ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு, கறுப்புக் குல்லா போட்ட மாதிரித் தலைகள். குல்லா பின்பக்கம் காற்றில் சிலிர்த்து நிற்கிறது. கடல் பக்கமிருந்து ஒன்று தாமதமாக வருகிறது. வரிசைக்கு மேலே சுற்றுகிறது. இறங்கப் பார்க்கிறது, இடம் இல்லை. ஒன்று அலகைத் திறந்து கத்தி விரட்டுகிறது. அது எழும்பி, காற்றில் அப்படியே நின்று, மறுபடி இந்தப் பக்கம் வருகிறது. இன்னொரு இடத்தில் கொத்து வாங்குகிறது. மறுபடி எழும்புகிறது. களைத்துவிட்டது, சிறகடிப்பதிலேயே தெரிகிறது. கடைசியில் ஓரத்தில் இருக்கிற ஒன்று, பார்க்காத மாதிரியே, இரண்டடி தள்ளி உட்காருகிறது. வந்தது அந்த இடத்தில் இறங்கி, உடம்பை உதறி, இறக்கையை மடித்து, தானும் வடக்கே திரும்பிக்கொள்கிறது.

"எடம் கெடச்சிடுச்சி, டிரைவரே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, என் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தாள்.